கேன்டீன் எலக்ட்ரிக் ரேஞ்ச் மக்கர் செய்கிறதா? அறிகுறியைப் பிடித்துப் பழுதைத் தேடும் வழி

திங்கட்கிழமை காலை ஐந்தரை மணிக்குப் போன் அடித்தால், எடுக்கும் முன்பே எனக்கு விஷயம் தெரிந்துவிடும். "அண்ணே, ரேஞ்ச் ஆன் பண்ணா டிரிப் ஆகுது. சனிக்கிழமை வரைக்கும் நல்லாத்தான் ஓடுச்சு."

கேஸ் வைக்க அனுமதி இல்லாத ஐ.டி. வளாகங்கள், மால் ஃபுட் கோர்ட்டுகள், கீழ்த்தளச் சமையலறைகள். என் வேலை பெரும்பாலும் இங்கேதான். நான் ரேஞ்ச் என்று சொல்வது: மேலே நான்கு வார்ப்பிரும்பு ஹாட் பிளேட், கீழே ஒரு ஓவன், த்ரீ ஃபேஸ் சப்ளை. பிளேட்டுக்கு 3 கிலோவாட், ஓவனுக்கு 6 என்றால் மொத்தம் 18 கிலோவாட். எல்லாம் ஒன்றாக ஓடினால் ஃபேஸுக்கு 26 ஆம்பியர் இழுக்கும். கீழே வரும் கணக்கெல்லாம் இந்த அளவு மெஷினுக்கு. உங்களுடையது வேறு என்றால் பின்புறம் உள்ள நேம் பிளேட்டில் வாட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் மாற்றிய ஹீட்டர்களைவிட முறுக்கிய ஸ்க்ரூக்கள்தான் அதிகம். "ஹீட்டர் போச்சு" என்று யார் சொன்னாலும் உடனே ஆர்டர் போடாதீர்கள். முதலில் தண்ணீரையும் லூஸ் டெர்மினலையும் சந்தேகப்படுங்கள்.

கவரைத் திறப்பதற்கு முன்

ஓனர், மேனேஜர், மாஸ்டர் யாராக இருந்தாலும் வெளியே இருந்து பார்க்கிற சோதனைகள் உங்களுக்கு. கவரைக் கழற்றச் சொல்லும் இடமெல்லாம் அரசு லைசென்ஸ் உள்ள வயர்மேனுக்கு மட்டும். உள்ளே இரண்டு ஃபேஸுக்கு நடுவே 400 வோல்ட்டுக்கு மேல் நிற்கிறது.

நாப்பை ஆஃப் செய்தால் போதாது. ஐசொலேட்டரை (ரேஞ்சுக்கு வரும் சப்ளையை முழுதாக வெட்டும் சுவிட்ச்) இறக்கி, பூட்டுப் போட்டு, சாவியைப் பாக்கெட்டில் வைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை நான் ரேஞ்சின் பின்னால் உட்கார்ந்து லக்ஸ் (வயர் முனையில் மாட்டும் உலோகக் கொக்கி) கழற்றிக்கொண்டிருந்தேன். கிரைண்டர் ஓடவில்லையே என்று ஒரு பையன் போய் பேனலில் இறங்கிக் கிடந்த எல்லா சுவிட்சையும் வரிசையாகத் தூக்கிவிட்டான். நல்லவேளை, கை அப்போது ஸ்பேனரை எடுக்கப் பையில் இருந்தது. அன்றிலிருந்து பூட்டு இல்லாமல் நான் கவரைத் தொடுவதில்லை.

சப்ளை இல்லை என்பதை மல்டிமீட்டரால் பாருங்கள், நியான் டெஸ்டரை நம்பாதீர்கள். மீட்டரை முதலில் சப்ளை உள்ள ஒரு சாக்கெட்டில் வைத்துப் பார்த்து, அப்புறம் ரேஞ்சில் பார்த்து, மறுபடியும் அதே சாக்கெட்டில் பாருங்கள். நடுவில் மீட்டரே செத்துப்போயிருக்கலாம்.

அறிகுறி: தொட்டால் சுரீர் என்கிறது

இதற்குப் படிப்படியான சோதனை கிடையாது. ஐசொலேட்டரை இறக்குங்கள், யாரையும் கிட்டே விடாதீர்கள், வயர்மேனைக் கூப்பிடுங்கள். "லேசாத்தான் அடிக்குது, செருப்பு போட்டுக்கிட்டா தெரியல" என்று அன்றைய மதியச் சாப்பாட்டை முடிக்க நினைப்பார்கள். கூடாது. தரை ஈரமாகும் நேரத்தில் அதே லேசான ஷாக் ஆளைக் கொல்லும்.

வருகிறவர் பார்க்க வேண்டியது இரண்டு. ரேஞ்சின் பாடியிலிருந்து பேனல் எர்த் பார் வரை தொடர்ச்சி இருக்கிறதா? மீட்டரில் ஒரு ஓமுக்கும் கீழே காட்ட வேண்டும். அடுத்து, ஆர்.சி.சி.பி. (கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் சப்ளையை வெட்டும் சுவிட்ச்) இருக்கிறதா, இருந்தும் ஏன் விழவில்லை? நான் பார்த்த ஒரு இடத்தில், டிரிப் தொல்லை தாங்காமல் முன்பு வந்த மெக்கானிக் எர்த் வயரை வெட்டி, டேப் சுற்றி, அழகாக உள்ளே சொருகி வைத்திருந்தார். டிரிப் நின்றுவிட்டது. பாடி முழுக்கக் கரண்ட்.

யாராவது ஒட்டிக்கொண்டால் தொடாதீர்கள். முதலில் மெயினை இறக்குங்கள், அப்புறம் 108.

அறிகுறி: ஆன் செய்ததும் டிரிப் ஆகிறது

முதலில் எது விழுகிறது என்று பாருங்கள். ஓவர்லோடுக்கும் ஷார்ட்டுக்கும் விழும் எம்.சி.பி.யா, டெஸ்ட் பட்டன் உள்ள ஆர்.சி.சி.பி.யா? இதைக் கவனிக்காமல் "டிரிப் ஆகுது" என்று மட்டும் சொன்னால் போனில் என்னால் ஒன்றும் சொல்ல முடியாது.

விழுவது ஆர்.சி.சி.பி. என்றால்: கரண்ட் எங்கோ எர்த்துக்குக் கசிகிறது. ரேஞ்சின் எல்லா நாப்பையும் ஆஃபில் வைத்து ஆர்.சி.சி.பி.யைத் தூக்குங்கள். நின்றால், ஒவ்வொரு பிளேட்டாக ஆன் செய்யுங்கள், ஓவனைக் கடைசியில். எதைப் போடும்போது விழுகிறதோ அதுதான் ஆள். அதை மட்டும் ஆஃபில் விட்டு மற்றவற்றில் அன்றைய சமையலை ஓட்டலாம். பாடியில் ஷாக் இல்லை, ஆர்.சி.சி.பி.யும் நிற்கிறது என்றால் மட்டும்.

எல்லா நாப்பும் ஆஃபில் இருந்தும் விழுகிறதா? நாப் ஃபேஸை மட்டும் வெட்டுகிற வகையாக இருந்தால் நியூட்ரல் இணைப்பிலேயே நிற்கும். எங்கோ நியூட்ரல் வயர் நசுங்கிப் பாடியைத் தொடுகிறது, அல்லது உள்ளே டெர்மினல் பிளாக்கில் தண்ணீர். இது கவரைத் திறக்கும் வேலை.

இனி அந்தத் திங்கட்கிழமை நோய். ஹீட்டர் குழாய்க்குள் கம்பிச் சுருளைச் சுற்றி மெக்னீசியம் ஆக்சைடு பவுடர் அடைத்திருக்கும். சூடாக இருக்கும்வரை அது நல்ல காப்பு. குளிர்ந்து கிடக்கும்போது முனையில் உள்ள சீல் வழியாக ஈரத்தை உறிஞ்சும். சனிக்கிழமை ராத்திரி ஹோஸ் பைப்பைப் பிடித்து ரேஞ்சைக் குளிப்பாட்டிவிட்டு, ஞாயிறு முழுக்கப் பூட்டி வைத்தால் திங்கள் காலை என்ன ஆகும்? அந்த ஹீட்டர் செத்துவிடவில்லை, நனைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

வயர்மேன் செய்ய வேண்டியது: சந்தேகப்பட்ட ஹீட்டரின் இரண்டு வயரையும் கழற்றி, 500 வோல்ட் மெக்கரால் (காப்பு எவ்வளவு தாங்குகிறது என்று அளக்கும் மீட்டர்) டெர்மினலுக்கும் பாடிக்கும் நடுவே பார்ப்பது. டிஜிட்டல் கன்ட்ரோலர் இருந்தால் அதைத் தனியே பிரித்துவிட்டுத்தான் மெக்கரைச் சுற்ற வேண்டும், இல்லாவிட்டால் ஹீட்டரைக் காப்பாற்றப் போய் போர்டைக் கொன்றுவிடுவோம். ஒரு மெகாஓமுக்கு மேலே இருந்தால் விட்டுவிடலாம். அதற்குக் கீழே இருந்தால் ஹீட்டரைக் கழற்றி வேறொரு நல்ல ஓவனில் 120 முதல் 150 டிகிரியில் சில மணி நேரம் காயவைத்து, ஆறியதும் மறுபடியும் மெக்கர். ஏறினால் அதையே மாட்டலாம். ஏறவில்லை என்றால்தான் புது ஹீட்டர்.

மெக்கரில் எந்த ஹீட்டரும் மோசமில்லை, சேர்த்துப் போட்டால் மட்டும் விழுகிறது என்றும் வரும். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. அதற்கும் கீழேயே விழ அனுமதி உண்டு. நான்கு பிளேட், ஓவனின் மேல் கீழ் இரண்டு என ஆறு ஹீட்டரும் ஆளுக்குக் கொஞ்சம் கசிந்தால் கூட்டுத்தொகை போதும். வயதான ரேஞ்சில் இது சகஜம். எது அதிகம் கசிகிறதோ அதிலிருந்து மாற்றிக்கொண்டு வாருங்கள்.

ஆர்.சி.சி.பி.யை பைபாஸ் செய்து ஓட்டிக் காயவைக்கிற வித்தையைச் சிலர் சொல்லித் தருவார்கள். அதை நான் செய்வதில்லை, என்னிடம் வேலை பார்க்கிற தம்பிகளையும் செய்ய விடுவதில்லை.

விழுவது எம்.சி.பி. என்றால்: போட்ட நொடியே பட்டென்று விழுந்தால் ஷார்ட். மறுபடி மறுபடி தூக்கிப் பார்க்க வேண்டாம், ஆளைக் கூப்பிடுங்கள். அரை மணி, ஒரு மணி ஓடிவிட்டு விழுந்தால், எம்.சி.பி.யின் டெர்மினல் லூஸாகிச் சூடேறுகிறதா என்பதை முதலில் பார்க்கவேண்டும். சப்ளையை இறக்கி, எம்.சி.பி.யின் அடிப்பகுதி பழுப்பேறி இருக்கிறதா என்று பாருங்கள். அது சரியாக இருந்தால், அதே லைனில் யாராவது புதிதாக வெட் கிரைண்டரோ ஃபிரையரோ சேர்த்திருக்கிறார்களா என்று கேளுங்கள். பெரிய எம்.சி.பி. மாட்டுவது தீர்வு ஆகாது; வயர் அப்படியேதானே இருக்கிறது?

அறிகுறி: ரேஞ்ச் முழுவதும் செத்துக் கிடக்கிறது

ஐசொலேட்டர், எமர்ஜென்சி ஸ்டாப் பட்டன், பேனல் எம்.சி.பி., இந்த வரிசையில் பாருங்கள். அந்தச் சிவப்புப் பட்டன்தான் என்னைப் பலமுறை வீணாக அலையவிட்டிருக்கிறது. துடைக்கிறவர் முழங்கை பட்டு அமுங்கியிருக்கும், திருப்பிவிட்டால் வேலை முடிந்தது. வண்டிச் செலவு உங்களுக்கு.

பிளேட் இரண்டு மட்டும் செத்து மற்றவை ஓடினால் ஒரு ஃபேஸ் வரவில்லை. மற்ற அறைகளிலும் பாதி லைட் எரியவில்லையா? அப்படியானால் மின்வாரியத்துக்கு அல்லது கட்டட எலக்ட்ரீஷியனுக்குச் சொல்லுங்கள். ரேஞ்சில் மட்டும்தான் என்றால் ஐசொலேட்டரின் கான்டாக்ட் கருகியிருக்கும்.

ஓவன் மட்டும் செத்திருந்தால் பின்னாலோ கீழேயோ ஒரு சின்ன மூடிக்குள் சேஃப்டி தெர்மோஸ்டாட்டின் ரீசெட் பட்டன் இருக்கும். ஆறவிட்டு ஒருமுறை அமுக்கலாம். மறுபடி விழுந்தால் அமுக்கிக்கொண்டே இருக்காதீர்கள். ஓவன் உண்மையிலேயே அளவுக்கு மீறிச் சூடேறுகிறது.

அறிகுறி: ஒரு பிளேட் மட்டும் சூடாகவில்லை

நாப்பை எல்லா நிலையிலும் வைத்துப் பாருங்கள். பெரிய வார்ப்பிரும்பு பிளேட்டுக்குள் பெரும்பாலும் இரண்டு மூன்று சுருள்கள் இருக்கும், ரோட்டரி சுவிட்ச் அவற்றை மாற்றி மாற்றிச் சேர்க்கும். சில நிலைகளில் மட்டும் சூடாகிறது என்றால் ஒரு சுருளோ, சுவிட்சின் ஒரு கான்டாக்டோ போயிருக்கிறது. எந்த நிலையிலும் இல்லை என்றால் வயர், சுவிட்ச், அப்புறம்தான் பிளேட்.

கவரைத் திறந்ததும் முதலில் மூக்கை வையுங்கள், மீட்டர் அப்புறம். கருகிய லக்ஸ் கண்ணுக்கே தெரியும். நல்ல செம்பு பளபளவென்று இருக்கும். லூஸான இடத்தில் அது முதலில் ஊதாவாகி, பிறகு கறுத்து, தொட்டால் உதிரும். அதே லக்ஸை முறுக்கி வைத்தால் ஒரு மாதம் ஓடும். பளபளப்பு தெரியும்வரை வயரை வெட்டி, நிக்கல் பூசிய புது லக்ஸைக் கிரிம்ப் செய்து, ஸ்பிரிங் வாஷரோடு முறுக்குங்கள். பிளேட்டுக்குக் கீழே ஓடுகிற வயர் சிலிக்கானோ ஃபைபர் கிளாஸோ சுற்றியதாக இருக்க வேண்டும். வீட்டு வயரிங்குக்கு வாங்குகிற பி.வி.சி. 70 டிகிரிக்கு மேல் தாங்காது. கடையில் கையில் இருந்ததை மாட்டிவிட்டுப் போன வேலையை நான் மாதம் ஒருமுறையாவது பார்க்கிறேன், காப்பு உருகிச் சொட்டாகத் தொங்கும்.

டெர்மினல் சுத்தம் என்றால் இரண்டு வயரையும் கழற்றி ஓம் பாருங்கள். 230 வோல்ட்டில் 3000 வாட் சுருளுக்கு 17, 18 ஓம். 2000 வாட்டுக்கு 26. 1500 வாட்டுக்கு 35. இதற்குப் பக்கத்தில் இருந்தால் பிளேட் நல்லது, சுவிட்சைப் பாருங்கள். மீட்டர் ஒன்றுமே காட்டாவிட்டால் சுருள் அறுந்துவிட்டது.

பிளேட்டில் விரிசல் இருந்தால் சூடானாலும் அதைப் பயன்படுத்தாதீர்கள். விரிசல் வழியாகச் சாம்பாரோ ரசமோ கீழே இறங்கும், அடுத்த வாரம் டிரிப் பகுதிக்குத்தான் வந்து நிற்பீர்கள். பிளேட் விரிவது தானாக இல்லை. கொதிக்கிற பிளேட்டில் சொம்புத் தண்ணீர் ஊற்றித் தேய்க்கிற பழக்கம், தோசைக்கல்லில் செய்கிற மாதிரி. தோசைக்கல் தாங்கும், இது தாங்காது.

அறிகுறி: எல்லாம் சூடாகிறது, ஆனால் மந்தம்

இதற்கு என்னைக் கூப்பிடுவதற்கு முன் பாத்திரத்தைக் கவிழ்த்துப் பாருங்கள்.

கேஸ் அடுப்பில் பத்து வருஷம் ஓடிய அலுமினியக் குண்டானை அப்படியே தூக்கி ஹாட் பிளேட்டில் வைத்திருப்பார்கள். அடி வட்டமாக இருக்கும், அல்லது தட்டையாக இருந்தது நடுவில் உப்பியிருக்கும். தீ எல்லா வளைவையும் தேடிப் போய்த் தொடும். பிளேட் தொட்ட இடத்தில் மட்டும்தான் சூட்டைக் கொடுக்கும். அடியில் ஒரு ஸ்டீல் ஸ்கேலை வையுங்கள். ஸ்கேலுக்கும் பாத்திரத்துக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தால் ரேஞ்ச் மேல் பழி போடாதீர்கள். தட்டையான கனத்த அடி, பிளேட்டை முழுக்க மூடுகிற அகலம், இவை இருந்தால் பாதிப் புகார் போய்விடும்.

அடுத்தது பழக்கம். கேஸில் பழகிய மாஸ்டர் பற்றவைத்த மறு நிமிடம் கொதி வர வேண்டும் என்று எதிர்பார்ப்பார். வார்ப்பிரும்பு ஏற 10, 15 நிமிடம் எடுக்கும். ஏறிய பிறகு அணைத்தாலும் நெடுநேரம் விடாது, பாலைப் பொங்கவிட்டே பலர் இதைக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

இதையெல்லாம் தாண்டியும் மந்தம் என்றால் வோல்டேஜ். 230 இருக்கவேண்டிய இடத்தில் 200 வந்தால், ஹீட்டரின் பவர் கால்வாசி குறைந்துவிடும். வோல்டேஜ் குறைவதைவிட வேகமாகப் பவர் குறையும். வயர்மேன் எல்லா பிளேட்டையும் முழு லோடில் ஓடவிட்டு பேனலிலும் ரேஞ்ச் டெர்மினலிலும் அளக்க வேண்டும். இரண்டு இடத்திலும் குறைவு என்றால் சப்ளையில் பிரச்னை. பேனலில் சரியாக இருந்து ரேஞ்சில் 10, 12 வோல்ட் குறைந்தால், நடுவில் லூஸ் அல்லது மெலிந்த கேபிள்.

அறிகுறி: ஒரு பிளேட்டைப் போட்டால் இன்னொன்றின் விளக்கு மின்னுகிறது

ஒரு பிளேட் வெறித்தனமாகச் சிவக்கும், இன்னொன்று வெதுவெதுப்பைத் தாண்டாது. இண்டிகேட்டர் விளக்குகள் கூடிக் குறையும். நியூட்ரல் விட்டுப்போய்விட்டது. நான்கையும் சமமாகப் போட்டால் இந்தக் கோளாறு கிட்டத்தட்ட மறைந்துவிடும், அதனால்தான் பலர் "இப்போ சரியாயிடுச்சு" என்று விட்டுவிடுகிறார்கள். உடனே இறக்குங்கள். பேனலின் நியூட்ரலே போயிருந்தால் அதே லைனில் உள்ள ஃபிரிட்ஜ், பில்லிங் கம்ப்யூட்டர் எல்லாமே ஆபத்தில் இருக்கிறது.

புது ரேஞ்ச் மாட்டிய முதல் நாளே இது வந்தால் வயர் கலரைப் பாருங்கள். நம் ஊர்ப் பழைய வழக்கத்தில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் ஃபேஸ், கறுப்பு நியூட்ரல். ஐரோப்பாவிலிருந்து வரும் மெஷினில் பழுப்பு, கறுப்பு, சாம்பல் மூன்றும் ஃபேஸ், நீலம் நியூட்ரல். நீலத்துக்கு நீலம், கறுப்புக்குக் கறுப்பு என்று அழகாகக் கோர்த்தால் மெஷினின் நியூட்ரலில் ஒரு ஃபேஸ் போய் உட்காரும். 230 வோல்ட் ஹீட்டர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு 400 வோல்ட் கிடைக்கும், மூன்று மடங்கு பவர், பத்து நிமிடத்தில் புகை. கலரைப் பார்த்து இணைக்காதீர்கள், டெர்மினலில் உள்ள எழுத்தைப் பார்த்து இணையுங்கள்.

அறிகுறி: சூட்டைக் குறைக்க முடியவில்லை

நாப்பை ஒன்றில் வைத்தாலும் முழு வேகம். முதலில் நாப்பைக் கையால் ஆட்டிப் பாருங்கள். உள்ளே பிளாஸ்டிக் தேய்ந்து தண்டு திரும்பாமல் நாப் மட்டும் சுற்றும். சில ரூபாய் சமாச்சாரம்.

தண்டு திரும்புகிறது என்றால் சிம்மர்ஸ்டாட், அதாவது கரண்டை விட்டு விட்டுக் கொடுத்துச் சூட்டைக் குறைக்கும் சுவிட்ச். வயர்மேன் கிளாம்ப் மீட்டரை அந்த பிளேட்டின் வயரில் மாட்டிவிட்டுக் குறைந்த நிலையில் வைத்துப் பார்க்கட்டும். கரண்ட் கொஞ்ச நேரம் வரும், பிறகு நிற்கும், மறுபடி வரும். நிற்கவே இல்லை என்றால் கான்டாக்ட் ஒட்டிவிட்டது. உப்புத்தாள் போட்டுத் தேய்க்காமல் மாற்றிவிடுங்கள்.

ஓவனாக இருந்தால் உள்ளே பக்கச் சுவரில் பென்சில் தடிமனில் ஒரு செம்பு அல்லது ஸ்டீல் குச்சி கிளிப்பில் நிற்கும். தெர்மோஸ்டாட்டின் உணர்வுக் குழாய் அது. தட்டு இடித்து அது கிளிப்பிலிருந்து விழுந்து மூலையில் கிடந்தால் ஓவனின் சூடு அதற்குத் தெரியாது. மெல்லியக் குழாய் முறிந்து உள்ளே இருந்த திரவம் கசிந்திருந்தால் புது தெர்மோஸ்டாட்தான், ஒட்டவைக்க வழியில்லை. குழாய் சரி, தெர்மோஸ்டாட் 'டிக்' என்கிறது, விளக்கும் அணைகிறது, ஆனால் சூடு நிற்கவில்லையா? தெர்மோஸ்டாட் சொல்கிறபடி ஹீட்டருக்குக் கரண்டைச் சேர்த்து வெட்டும் கான்டாக்டர் ஒட்டிக்கொண்டது. இது ஆபத்தானது, ஆள் இல்லாத நேரத்திலும் எரிந்துகொண்டிருக்கும். ஐசொலேட்டரை இறக்கிவிட்டுக் கூப்பிடுங்கள்.

அறிகுறி: ஓவனில் ஒரு பக்கம் கருகுது, ஒரு பக்கம் வேகலை

கதவு ரப்பரில் தொடங்குங்கள். ஒரு தாளைக் கதவுக்கு நடுவே வைத்து மூடி இழுத்துப் பாருங்கள்; எங்கே சிரமமில்லாமல் வருகிறதோ அங்கே சூடு ஓடுகிறது. ரப்பர் நன்றாக இருந்தால் மேல், கீழ் ஹீட்டர்களின் ஓம். அப்புறம் ஒரு ஓவன் தெர்மாமீட்டரை நடுவில் வைத்து 180க்குச் செட் செய்து, அரை மணி கழித்துப் பாருங்கள். பத்து டிகிரி இப்படி அப்படி ஆடுவது இயல்பு. முப்பது நாற்பது என்றால் ஆளைக் கூப்பிட்டு அட்ஜஸ்ட் செய்ய வேண்டும்.

ராத்திரிக் கழுவலும் மாத வேலையும்

ஹோஸ் பைப் ரேஞ்சுக்குக் கிட்டே வரக்கூடாது. பிளேட் வெதுவெதுப்பாக இருக்கும்போது ஈரத்துணி, பிறகு உலர்ந்த துணி. தரையைக் கழுவும்போதும் தண்ணீரை ரேஞ்சின் அடிப்பக்கம் அடிக்காதீர்கள், காற்றுத் துளைகள் அங்கேதான் இருக்கின்றன.

மாதம் ஒருமுறை ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை அமுக்குங்கள். விழவில்லை என்றால் அன்றே மாற்றுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வயர்மேன் பூட்டுப் போட்டு, எல்லா டெர்மினலையும் முறுக்கி, ஒவ்வொரு ஹீட்டரின் மெக்கர் அளவையும் ஒரு நோட்டில் தேதியோடு எழுதட்டும். போன முறை 50 மெகாஓம், இந்த முறை 4 என்றால் அந்த ஹீட்டரைத் தீபாவளி ஆர்டருக்கு முன்பே மாற்றிவிடலாம்.

திங்கட்கிழமை போன் செய்கிற அந்த கேன்டீனில் இப்போது சனி ராத்திரி துடைத்து முடித்ததும் நான்கு பிளேட்டையும் ஓவனையும் குறைந்த சூட்டில் இருபது நிமிடம் ஓடவிடுகிறார்கள். மாஸ்டர் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து டீ குடிப்பார், டீ முடிந்ததும் ஐசொலேட்டரை இறக்கிவிட்டுப் போவார். ஆறு மாதமாகத் திங்கட்கிழமை காலையில் அவரிடமிருந்து எனக்குப் போன் வரவில்லை.